ஓர்க்கிட்டுக்குக் கட்டை தேடினவன் பாடு

ஓர்க்கிட் பூக்கன்று வளர்க்க மண்ணே தேவையில்லை, ஒரு மரக்கட்டை போதும் என்று சொல்லித்தான் எல்லோரையும் இதற்குள் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு கட்டைக்காகக் காடு, குளம், கடற்கரை என்று அலைந்தவர்களுக்குத்தான் பாடு தெரியும். உங்களில் அப்படி அலைந்தவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள்.

கிளிநொச்சியில் வயல் செய்துகொண்டிருந்தவன் நான். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போன என் மனைவி, ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பன்னிரண்டு ஓர்க்கிட்டுகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மூன்று வருடமாகிறது. கன்றுகள் பெருகி, கட்டையில் கட்டி விற்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவள்தான் இன்னும் வரவில்லை.

உப்பு

கடல் ஒதுக்குகிற கட்டைகள் நல்ல வடிவு. ஆனால் ஊறிய உப்புப் போகாமல் கன்றைக் கட்டினால் வேர் கருகிவிடும். பீப்பாத் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே கல் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருதடவை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு மாதம் போனதும் காயவைத்து, ஓரத்தில் நாக்கை வைத்துப் பார்ப்பேன். கரித்தால் திரும்பவும் பீப்பாதான். இதற்கெல்லாம் கருவி இருக்கிறதாம். என்னிடம் நாக்குத்தான் இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து எனக்குக் கட்டை கொண்டுவருகிறவர் திரேசம்மா. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேர்க்கட்டையை நக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் வாசல் படலையில் வந்து நின்றார். கொண்டுவந்த கட்டைகளை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, அக்கா இனியும் வராட்டி நீங்கள் எங்கட வள்ளத்தையும் நக்கிப் போடுவியள்."

வார்னிஷ்

மல்லாவி ஆசிரியர் ஒருவருக்கு வீரை மரக்கட்டை ஒன்று செய்து கொடுத்தேன். உளுத்த இடத்தைச் செதுக்கி, கழன்ற பட்டையை உரித்து, கொதிதண்ணீர் ஊற்றிப் பூச்சி போக்கி, மேலே இருந்த சொரசொரப்பை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன். வேர் பிடித்து ஏறுவது அதில்தானே! இரண்டு மாதத்தில் வாடிய கன்றோடு வந்தார். கட்டை பளபளவென்று மின்னியது. இரண்டு தரம் வார்னிஷ் அடித்திருக்கிறார். வேரெல்லாம் ஒட்ட இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோ ஆறுதலாகக் கேட்டார்: "பூக்குமட்டும் வீட்டுக்கு வாற ஆக்கள் கட்டையைத்தானே ஐயா பாக்கவேணும்?"

எந்த ஆறு மாதம்?

கன்றைக் கட்டையில் தங்கூசியால், அதுதான் தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூலால், ஆடாமல் கட்ட வேண்டும். ஆடினால் புதுவேர் ஒட்டாது. ஒட்டியபின் நூலை வெட்டிவிடலாம். ஓமந்தையிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு இதை விளக்கி, வேர் பிடிக்க ஆறு மாதம் ஆகும் என்றேன். அவருடைய கணவருக்குக் கட்டாரில் வேலை. கன்றைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "சரியான ஆறு மாசமோ ஐயா, இல்லாட்டி வெளிநாடு போற ஆக்கள் சொல்லுற ஆறு மாசமோ?"

முருங்கை

போவதற்கு முதல்நாள் மனைவி தன் கையால் கட்டிய வெள்ளை ஓர்க்கிட் சமைக்கிற குசினி வாசலில் தொங்குகிறது. கட்டியது முருங்கைக் கொம்பில். முருங்கை மழைக்குத் தாங்காது; வேறு யாரும் கொண்டுவந்திருந்தால் ஏசி அனுப்பியிருப்பேன். இதை மட்டும் தொட மனம் வரவில்லை. அவள் வந்து பார்க்கும்போது அவள் கட்டியபடியே இருக்க வேண்டும் என்று ஆசை. போன மாரிமழையில் கொம்பு உளுத்து வெடித்தது. வேரைப் பிய்த்தால் அறுந்துவிடும் என்பதால், கொம்போடு சேர்த்தே ஒரு பாலை மரக்கட்டையில் வைத்துக் கட்டினேன். கட்டும்போது அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

அன்றைக்கே போனில் அவளுக்குக் காட்டினேன். அவள் மடியில் பேத்தி. முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்: "இஞ்சருங்கோ, உந்தக் கண்டுகளை ஆரிட்டையாவது குடுத்திட்டு நீங்கள் இஞ்ச வாங்கோவன், எனக்கு உங்களைப் பாக்கவேணும்போல கிடக்கு."

எந்தக் கன்று எந்தக் கட்டையில் பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு, நான் எங்கே போய் ஒட்டுவது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.