தேத்தண்ணி குடிக்காத புரொபசர்

மதம் படித்துக்கொடுக்கிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு: விடை தெரியாத கேள்விக்கு, கடவுளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கலாம். மற்றதெல்லாம் அசௌகரியம்தான். இந்தத் தொழிலில் என்னோடு அவதிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். ஸ்கொலர்ஷிப் கிடைத்து அமெரிக்கா போய்ச் சமயவியல் படித்தேன். போகும்போது சாதாரணக் கிறிஸ்தவ வேதக்காரனாகப் போய், திரும்பும்போது மோர்மன் சபைக்காரனாக வந்து இறங்கினேன். மாத்தளை டவுனுக்கு வெளியே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விரிவுரையாளர் வேலை. ஊரில் புரொபசர் என்பார்கள், நான் மறுக்கவில்லை.

மாத்தளை மாவட்டத்தில் எங்கள் சபைக்கு நான் ஒருவன்தான். சாராயம், சுருட்டு, கோப்பி, தேத்தண்ணி நான்கும் எங்களுக்கு விலக்கு. முதல் இரண்டுக்காக ஊர் என்னைப் பாராட்டியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் தேத்தண்ணியைத் தொடாததை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பதே என் பெரிய கவலை. மறுமையைப் பற்றிய கவலைகூட அதற்குப் பிறகுதான்.

முதல் கேள்வி

முதல் நாள் வகுப்பில் என் சபையின் பெயரைச் சொன்னதும் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு கை எழுந்தது. பல்லேகமவிலிருந்து வந்த மாணவர், எங்கேயோ எதையோ படித்திருக்கிறார். "சேருக்கு எத்தனை பெண்சாதி?" என்று கேட்டார். பலதார மணம் அந்தக் காலத்து வழக்கம், சபை அதை எப்போதோ விட்டுவிட்டது, எனக்கு இன்னும் ஒரு கல்யாணம்கூட ஆகவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். வகுப்பே கொஞ்சம் ஏமாந்துபோனது மாதிரி இருந்தது. அவர் உட்காரும்போது உண்மையான அனுதாபத்தோடு சொன்னார்:

"ஒண்ணுக்கே வழியில்லன்னா, எதுக்கு சேர் அவ்வளவு தூரம் போனீங்க?"

ஆராதனை நேரம்

அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டுப் பௌத்தர்களின் போயா நாட்களுக்கு லீவு விட்ட காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்வர எங்கள் பிரின்ஸிபல் வேதக்காரர்களுக்கு அனுமதி கொடுத்தார். நானும் போய்க் கேட்டேன். எந்தக் கோயில் என்றார். என் அறைதான் என்றேன். பிரசங்கம் யார் என்றார். நான்தான் என்றேன். கேட்பது யார் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப கொஞ்சம் சுருக்கமா பிரசங்கம் பண்ணுங்க, பத்து மணிக்கு உங்களுக்கு வகுப்பு இருக்கு."

நாற்பது பேர்

என் அறை ஹமீத் மாஸ்டர் வீட்டின் பின்பக்கம். அவர் எங்கள் கலாசாலையில் இஸ்லாம் கற்பிப்பவர். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. சொந்தம் என்று சொல்ல அவர்தான் இருந்தார். முதல் ஞாயிறு நான் பாட்டுப் பாடி, ஜெபித்து, சத்தமாகப் பிரசங்கமும் செய்ததைக் கேட்ட அவருடைய மனைவி, நிறைய விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு தட்டு நிறையத் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். தட்டோடு வந்த மாஸ்டர் அறைக்குள் எட்டிப்பார்த்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவரின் அக்கறையோடு சொன்னார்:

"எங்கட வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுகைக்கு நாப்பது பேர் வேணும் சேர். நீங்க ஒராள வெச்சே நடத்துறீங்க. ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா கோயிலே மூடிப் போகுமே."

திரும்பிப் போன கோப்பை

ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு என் மாணவர்கள் கற்பிப்பதை மேற்பார்வை செய்யப் போவேன். அங்கே ஸ்டெல்லா டீச்சர் இருந்தாள். கடைசி வாங்கில் உட்கார்ந்து, என் மாணவர்களின் பிழைகளை எனக்கு முன்பே பிடித்துவிடுவாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா அந்தோனி கத்தோலிக்கர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஹமீத் மாஸ்டர் போய்ப் பேசினார். மதம் வேறாக இருந்தாலும் படித்த மாப்பிள்ளை, வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

பெண் பார்க்கப் போனோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெண் கொண்டுவருகிற தேத்தண்ணியை மாப்பிள்ளை குடித்தால் சம்மதம், தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? ஸ்டெல்லா தட்டை நீட்டியதும், "வேணாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கோப்பையோடு உள்ளே போய்விட்டாள். எழுந்து நின்று, எங்கள் சபையின் கட்டுப்பாடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை மரியாதையாக வாசல்வரை வந்தார்.

"புள்ளய புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க சேர். பாவம், அத ஏன் வேதத்து மேல போடுறீங்க?"

வகுப்பில் ஒரு சந்தேகம்

மறுநாள் ஹமீத் மாஸ்டர் தனியாகப் போய்ச் சத்தியம் செய்யாத குறையாக விளக்கிவிட்டு வந்தார். கணக்கப்பிள்ளை நம்பினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். சொந்தக்காரர்கள் முன்னால் கோப்பை திரும்பிப் போயிருக்கிறது. அதே சொந்தக்காரர்கள் முன்னால் நான் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. வகுப்பில் விரதம் பற்றிய பாடம் வந்தது. ஒருவன் நல்ல காரணத்துக்காகத் தன் விரதத்தை ஒரே ஒரு வாய் மீறினால் அது குற்றமா என்று, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். சைவர்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள், வேதக்காரர்கள் எல்லோரும் பாடம் முடியும்வரை வாதாடினார்கள். எனக்குப் பிரயோசனமாக ஒரு முடிவும் வரவில்லை. மணி அடித்ததும் அதே பல்லேகம மாணவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்:

"சேர், பொண்ணு நல்ல பொண்ணா?"

ஒரு வாய்

மறுபடியும் போனோம். அதே வீடு, அதே சொந்தக்காரர்கள். குடித்துவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறியிருந்தேன். தட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஸ்டெல்லாவை இழப்பது அதைவிடப் பயமாக இருந்தது. கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால் நின்றபடியே, அவசரப்படாமல், கடைசிவரை குடித்தாள். பிறகு வெறும் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்:

"குடிச்சா சம்மதம்னுதானே அப்பா சொன்னீங்க? நான் குடிச்சிட்டேன். என்னய மட்டும் இந்த வீட்டுல இன்னும் ஒருத்தரும் கேக்கல."

கணக்கப்பிள்ளை வெறும் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஹமீத் மாஸ்டர் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். கத்தோலிக்க வீட்டில் அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த மாதம் ரெஜிஸ்டர் கல்யாணம் நடந்தது.

இத்தனை காலம் ஊருக்கெல்லாம் மதம் படித்துக்கொடுத்துவிட்டேன், என் வீட்டு அடுப்பில் மட்டும் காலையும் மாலையும் ஸ்டெல்லாவின் தேத்தண்ணி கொதிக்கிறது, அதைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.