புபாய், உள்ளே வரவும்!

கிடர்பூர் கிளினிக்கின் வரவேற்பு மேஜை பல வருடங்களாக ஜலஜாவின் ராஜ்ஜியம். இப்போது போனில் முன்பதிவு செய்யவும், வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மெஷின் வந்துவிட்டது.

"இன்னிக்கு இது ஒழுங்கா ஓடினா நாளையிலேர்ந்து உங்களுக்கு ஓய்வு, தீதி" என்றார் டாக்டர் தத்தா. அவள் அங்கே எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா.

வங்காளிகளுக்கு வீட்டில் ஒரு செல்லப்பெயர், வெளியில் ஒரு பெயர். மெஷின் பெயர் கேட்டதும் பலர் செல்லப்பெயரைச் சொல்லி வைத்திருந்தார்கள். அதில் புபாய் தெருவுக்கு நாலு பேர். ஜலஜாவாக இருந்தால், "எந்தப் புபாய்?" என்று கேட்டிருப்பாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"புபாய், உள்ளே வரவும்" என்றது ஒலிபெருக்கி.

நான்கு நரைத்த தலைகள் எழுந்தன.

"நான்தான் புபாய்!"

"நீ உட்காருடா, நான் முதல்ல வந்தேன்!"

டாக்டரும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு என்னைக் கூப்பிட்டது?"

"மெஷின்தான். நீங்க அஞ்சாவது புபாய், டாக்டர். வரிசையில உட்காருங்க" என்றாள் ஜலஜா.

"அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்க, தீதி!"

அணைத்த கையோடு ஜலஜா குரல் கொடுத்தாள்: "மூட்டுவலி புபாய், வாங்க!"