நான் கேட்டு வாங்கின ரோத்தான்

எனக்கு வாய் நீளம். எங்க வீட்ல, கம்பெனியில, கம்பெனி பஸ்ஸுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. பாசிர் கூடாங்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில லைன் லீடரா இருக்கேன். மிஷின் போடுற சத்தத்துல மெதுவா பேசுனா யாருக்கும் கேக்காது. கத்திக் கத்தியே பழகிட்டேன். லேட்டா வர்றவனுக்கு முதல்ல வாயால எச்சரிக்கை, அப்புறம் பேப்பர்ல எச்சரிக்கை, அதுக்கும் மேலன்னா வீட்டுக்குப் போ. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. உலகமே இப்படி ஓடுனா நல்லா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ நான்.

போன வருஷம் என் மகன் நாலாம் படிவம், பதினாறு வயசு. அவன் படிக்கிற இடைநிலைப்பள்ளியில பெற்றோர் ஆசிரியர் சங்கத்து ஆண்டுக் கூட்டம்னு வாட்சப்ல வந்துச்சு. வழக்கமா எங்க ஆளுங்க அந்தக் கூட்டத்துக்குப் போறதே கம்மி. போற கொஞ்சப் பேரும் மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்துட்டு, முடிஞ்சதும் நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு சத்தமில்லாம வந்துருவாங்க. அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன், நமக்கு வாய் இல்லையா? நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டுக் கிளம்புனேன். வீட்டுக்காரர் துறைமுகத்துல லோரி ஓட்டுறவரு, என்னைப் பத்தி முழுசா தெரிஞ்ச மனுஷன். "போ, போயிட்டு வா. மைக்க மட்டும் தொட்டுறாத லா"ன்னு சொல்லித்தான் அனுப்புனாரு. நான் நேரா போய் ரெண்டாவது வரிசையில உக்காந்தேன்.

அன்னிக்குப் பேச்செல்லாம் கட்டொழுங்கைப் பத்தித்தான். கட்டொழுங்கு ஆசிரியர் ஒரு மலாய்க்காரரு. சிக்கு, சிக்குன்னு எல்லாரும் கூப்பிடுவோம், மலாய்ல வாத்தியாருன்னு அர்த்தம். குரலே உயராத மனுஷன். பள்ளியில சண்டை அதிகமாயிருச்சு, கழிவறையில வேப் சிகரெட் பிடிக்கிறாங்க, ரோத்தான் பிரம்ப எடுத்தா பெத்தவங்க புகார் குடுக்குறாங்க, நாங்க என்னதான் செய்யறதுன்னு ரொம்பப் பாவமா கேட்டாரு. யாராவது கருத்து சொல்றீங்களான்னு மைக்க நீட்டுனாங்க. ஒருத்தரும் அசையல. எனக்குக் கை துறுதுறுன்னு இருந்துச்சு. வாங்கிட்டேன்.

நான் பேசுனது மலாய்ல. "சிக்கு, பையன் சண்டை போட்டா கடிதம் அனுப்பாதீங்க. அதை அவனே கிழிச்சுப் போட்டுருவான். பெத்தவங்கள நேர்ல வரச் சொல்லுங்க. எங்க கண்ணு முன்னாலயே ரோத்தான் போடுங்க. அப்பத்தான் அவனுக்கும் வெக்கம் வரும், எங்களுக்கும் வெக்கம் வரும்." படபடன்னு கைதட்டுனாங்க. அதோட உக்காந்திருக்கணும். என் சனியன் பிடிச்ச வாய் விடுமா? "முக்கியமா எங்க இந்தியப் பையனுங்கள விட்டுறாதீங்க சிக்கு, நாங்க வீட்ல செல்லம் குடுத்தே கெடுத்துட்டோம். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க"ன்னு சேத்து விட்டேன். தமிழ்ல நாம சும்மா சொல்ற பேச்சு அது. மலாய்ல கேட்டதும் மண்டபமே சிரிச்சுச்சு. முதல்ல தட்டுனத விட ரெண்டு மடங்கு தட்டுனாங்க. முன்னால இருந்த ஒரு சீன அம்மா திரும்பிக் கட்டை விரலை உயத்திக் காட்டுனாங்க. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

உக்காரும்போது பின்னால திரும்பிப் பாத்தேன். கடைசி வரிசையில எங்க ஆளுங்க ஒருத்தர் கூடக் கை தட்டல. நீல மழைக்கோட்டைக் கூடக் கழட்டாம ஒரு பொம்பள உக்காந்திருந்துச்சு. மோட்டார்சைக்கிள்ல வந்திருக்கணும், ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு அதையே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்துச்சு. இதுங்களுக்கெல்லாம் எப்பத்தான் துணிச்சல் வரப் போகுதோன்னு நான் நினைச்சேன். ஆமா, அப்படித்தான் நினைச்சேன்.

அந்த 'முக்கியமா' ஏன் என் வாயில வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். என் மகன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. கெட்டிக்காரன், அதிர்ந்து பேசாதவன். ஆனா அந்த மண்டபத்துல நாங்க கொஞ்சப் பேரு. எங்கள எப்படிப் பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க வாயத் திறக்கறதுக்கு முன்னால நானே சொல்லிட்டா, நான் அந்த ரகம் இல்லன்னு ஆயிரும்ல? நல்ல பேரு எனக்கு, அடி ஊரான் பிள்ளைக்கு. இதை எழுதும்போதே உடம்பு கூசுது.

யோசனைய அப்பவே கை தூக்கி ஏத்துக்கிட்டாங்க. பெத்தவங்க வரணும், சம்மதம்னு சொல்லணும், பக்கத்துல நின்னு பாக்கணும்.

நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள செய்தி மகனுக்கு வந்துருச்சு. "அம்மா, அங்க என்ன பேசுனீங்க?"ன்னு வாசல்லயே கேட்டான். "நல்லதுதான்டா பேசுனேன். நீ ஒழுங்கா இருந்தா உனக்கு என்ன பயம்?"னு கேட்டேன். சேலைய மாத்திட்டு வந்து, எனக்குக் கைதட்டுனத வீட்டுக்காரர்கிட்ட விலாவாரியா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் சட்டைக் காலர் கிழிஞ்சு வந்தான். பந்து விளையாடுனேன்னான். கேண்டீன்ல சாப்பிடுறத விட்டுட்டு ரொட்டி கட்டிக் குடுக்கச் சொன்னான். கேண்டீன் சாப்பாடு பிடிக்கலையாக்கும்னு கட்டிக் குடுத்தேன். லைன்ல ஒரு பொண்ணு மூஞ்சி வாடுனா உடனே என்னான்னு கேக்குறவ, சொந்தப் பிள்ளைகிட்ட கேக்கல.

ஒரு நாள் வேலை நேரத்துல ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. பள்ளியில இருந்து போன், மகன் சண்டை போட்டுட்டான், உடனே வரணுமாம். நான் நம்பல. வேற யாரு மகனோன்னு ரெண்டு தடவை கேட்டேன். கம்பெனி உடுப்போடவே ஒரு கிராப் வாடகைக் காரைப் பிடிச்சு ஓடுனேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். மானத்த வாங்கிட்டானே, அந்த சிக்கு மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அதே நினைப்பு. பிள்ளைக்கு அடிபட்டிருக்குமோன்னு ஒரு நினைப்பு வரணும்ல? வரல.

கட்டொழுங்கு ரூம்ல என் மகன் சுவத்தோரமா நின்னான். சட்டையில பட்டன் இல்ல. பக்கத்துல இன்னொரு தமிழ்ப் பையன், வீங்குன உதட்டுல டிஷ்யூவ வச்சு அழுத்திக்கிட்டு இருந்தான். அவன் பக்கத்துல அவங்க அம்மா. கையில ஹெல்மெட்டு, அதே நீல மழைக்கோட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

என்னடா நடந்துச்சுன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அந்தப் பையனே சொல்லிட்டான். "நான்தான் அவங்க அம்மாவப் பத்திச் சொன்னேன். அவன் குத்துனான். நானும் குத்துனேன்." என்னடா சொன்னன்னு கேட்டதுக்கு என்னைப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். சிக்குதான் என்னைப் புவான்னு மரியாதையாக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "மன்னிச்சுக்குங்க புவான். அன்னிக்குக் கூட்டத்துல நீங்க பேசுனதுல இருந்து, பையனுங்க இவனை அனாக் ரோத்தான்னு கூப்பிடுறாங்களாம்." அனாக் ரோத்தான். ரோத்தான் பெத்த பிள்ளை. யாராவது அடி வாங்கிட்டு வெளிய வந்தா, உங்கம்மா குடுத்த பரிசுடான்னு இவன் தலையில ஒரு தட்டு தட்டிட்டுத்தான் போவானுங்களாம். எத்தனையோ நாள் பொறுத்துட்டு இன்னிக்குத்தான் கை ஓங்கியிருக்கான்.

கிழிஞ்ச காலரும் கட்டிக் குடுத்த ரொட்டியும் அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

சிக்கு குத்திக் காட்டணும்னு சொல்லல. அவருக்கு அந்தப் புத்தியே கிடையாது. "விதி ரெண்டு பேருக்கும் ஒன்னுதான். பெத்தவங்க சம்மதிச்சா கையில ரோத்தான், அப்படியே வகுப்புக்குப் போயிரலாம். சம்மதிக்கலன்னா ஒரு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது. அடுத்த வாரம் பரீட்சை, அதையும் யோசிச்சுக்குங்க"ன்னாரு. முதல்ல அந்த அம்மாவத்தான் கேட்டாரு.

அதுக்கு மலாய் சரியா வரல. வார்த்தை வார்த்தையாத் தேடிச் சொல்லுச்சு. "வேணாம் சிக்கு. என் பிள்ளை தப்புதான். வீட்ல வச்சுக்கிறேன். அடிக்க வேணாம்." பரீட்சை போயிருமேன்னு சிக்கு மறுபடியும் சொன்னாரு. "பரவால்ல. அடிக்க வேணாம்." அவ்வளவுதான். ஒரு கையில ஹெல்மெட்டு, இன்னொரு கையால மகனோட சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் சிக்கு என் பக்கம் திரும்புனாரு. மகனும் என்னைப் பாத்தான். சின்னப் பிள்ளையில கிளினிக்ல ஊசி போடப் போகும்போது என்னையே பாப்பான், அதே பார்வை. வேணாம்னு ஒரு வார்த்தை. பக்கத்துல நின்னவ சொல்லிக் காட்டிட்டா, நான் அதைத் திருப்பிச் சொன்னாப் போதும். ஆனா எனக்குள்ள என்ன ஓடுச்சு தெரியுமா? மைக்ல ஒரு பேச்சு, தன் பிள்ளைன்னா ஒரு பேச்சான்னு இந்த மனுஷன் நினைச்சுருவாரே. இவங்க எல்லாருமே இப்படித்தான்னு நினைச்சுருவாரே.

"சம்மதம்"னு சொன்னேன். அதுவும் போதாதுன்னு, "போடுங்க சிக்கு, நான் பாக்குறேன்"னேன். சத்தமா, லைன்ல பேசுற மாதிரி.

மகன் என்னைப் பாக்குறத நிறுத்திட்டான். கையை நீட்டுனான். இழுக்கல, முனகல. அடி விழும்போது "அம்மாடி"ன்னு ஒரு சின்னச் சத்தம் கேட்டுச்சு. அது நான் இல்ல, அந்த அம்மா. அது மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. நான் திருப்பல. பாக்கணும்னு சட்டம் போட்டவளே நான்தானே, எங்க திருப்புறது? முடிஞ்சதும் சிக்கு ரோத்தான வச்சுட்டு, "நன்றி புவான். எல்லாப் பெத்தவங்களும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல"ன்னாரு. மனசாரத்தான் சொன்னாரு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

மகன் வகுப்புக்குப் போயிட்டான். நான் கார் வருதான்னு வெளிய நின்னேன். அந்த அம்மா மகனைப் பின்னால ஏத்திக்கிட்டு மோட்டார்சைக்கிள எடுத்துச்சு. என்னைத் தாண்டிப் போகும்போது நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கி, "வீட்டுக்கு வந்ததும் ஐஸ் வச்சு விடுங்கக்கா, வீங்கிரும்"னு சொல்லிட்டுப் போச்சு. அது என்னைத் திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

சாயங்காலம் ஐஸைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அவன் கிட்டப் போனேன். கையை மேசைக்குக் கீழ வச்சுக்கிட்டான். "வேணாம்மா." அப்புறம், கோவமே இல்லாம, "அவங்க அம்மா வேணாம்னு சொன்னாங்க"ன்னான். ஐஸ் கரைஞ்சு என் கம்பெனி உடுப்பெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் அங்கயே நின்னேன்.

அதுக்கப்புறம் பேச்சு சுருங்கிப் போச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்துல என்னடா, ஒன்னும் இல்ல. பள்ளி சம்பந்தமா எது வந்தாலும் அப்பா லோரிய விட்டு இறங்குற வரைக்கும் காத்திருந்து அவர்கிட்டதான் காட்டுவான். "கொஞ்ச நாள் போகட்டும் விடு"ன்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. மைக்க தொடாதன்னு அப்பவே சொன்னேன்லன்னு அவர் ஒரு தடவை கூடச் சொல்லல. சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்.

இந்த வருஷமும் அதே கூட்டம் வந்துச்சு. போனேன். வேலை முடிஞ்ச உடுப்போடவே போனேன். கடைசி வரிசையில அந்த அம்மா உக்காந்திருந்துச்சு. பக்கத்து நாற்காலியில ஹெல்மெட். என்னைப் பாத்ததும் அதை எடுத்து மடியில வச்சுக்கிச்சு. நான் உக்காந்தேன். போன வருஷத்து விதி நல்லா வேலை செய்யுது, தொடரலாமான்னு தலைவர் கேட்டாரு. மைக் எங்க வரிசை வரைக்கும் வரல. வராதுன்னும் தெரியும். எந்திரிச்சேன். மிஷினுக்கு மேல கத்திப் பழகுன தொண்டைதானே?

"வேணாம்! போன வருஷம் அதைக் கேட்டவ நான்தான். நான் கேட்டது தப்பு. முக்கியமா எங்க பையனுங்கன்னு சொன்னது ரொம்பத் தப்பு. என் பிள்ளைக்கு அது வலிச்சுச்சு." எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. முன்னால யாரோ சிரிச்சாங்க. ஒருத்தரும் கை தட்டல. அந்த அம்மா மட்டும் என் உடுப்பு ஓரத்தைப் பிடிச்சு, உக்காருங்கக்காங்கிற மாதிரி மெல்ல இழுத்துச்சு. கை தூக்கச் சொல்லி எண்ணுனாங்க. விதி அப்படியேதான் இருக்கு.

வீட்டுக்கு வந்தப்ப மகன் சோறு தின்னுக்கிட்டு இருந்தான். போன் தட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, கூட்டத்துச் செய்தியெல்லாம் வந்து சேந்துருக்கும். "தோத்துட்டீங்களாம்"னான். சிரிக்கிறானா இல்லையான்னு எனக்குப் பிடிபடல. "ஆமாண்டா, தோத்துட்டேன். ஆனா மண்டபமே அதிர்ற மாதிரி சொல்லிட்டுத்தான் வந்தேன்"னேன். இன்னொரு கரண்டி சோறு வைக்கட்டுமான்னு கேட்டேன். தட்ட என் பக்கம் நகத்துனான்.

வச்சேன். அதைப் பிசைஞ்சுக்கிட்டே, நிமிந்து பாக்காம, "அன்னிக்கு அந்த ரூம்ல மெதுவா வேணாம்னு சொல்லியிருந்தாலே போதும்மா"ன்னான்.