ஆம்புலன்ஸுக்கு வைத்த பொட்டு

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, மலாக்கா பாச்சாங்கில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நான் லாரி ஓட்டுகிறவன். மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு, செம்பனைக் குலை தூக்கி, கார் கழுவி, மீன் பெட்டி ஏற்றி, கடைசியில் லாரிக்கு வந்தேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. சொந்தம் என்று என்னிடம் இருப்பது முப்பத்தோரு பொம்மைகள்தான். கையையும் காலையும் மடக்கித் திருப்பினால் கார், லாரி, கிரேன் என்று வண்டியாக மாறுகிற ரோபோக்கள். இந்த வயதில் பொம்மையா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் தங்குகிற அறைகளில் எதுவும் தங்காது என்பதால் எல்லாவற்றையும் அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன்.

அதில் ஐந்து பச்சை வண்டிகள் சேர்ந்து ஒரே பெரிய ரோபோவாக நிற்கிற செட் ஒன்று உண்டு. என்னிடம் நாலுதான் இருந்தன. இடது காலாக வரவேண்டிய மண் லாரி கிடைக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக அந்த ரோபோ ஒற்றைக் காலோடு சுவரில் சாய்ந்து நின்றது. ஜொகூர், கிள்ளான், ஈப்போ என்று லோடு இறக்கப் போகிற ஊரிலெல்லாம் தேடினேன். கடைசியில் மலாக்கா டவுனிலேயே ஒரு சீனரிடம் இருப்பது தெரிந்தது. விற்க மாட்டேன், மாற்றிக்கொள்கிறேன் என்றார். பதிலுக்கு அவர் கேட்டது என் வெள்ளை ஆம்புலன்ஸை. வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருஷம் டப்பா பிரிக்காமல் நான் வைத்திருந்தது அது ஒன்றுதான். இதைச் சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பிரிக்காத டப்பாதான் உயிர். ஆயுத பூஜை அன்று மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன். வாசலில் மச்சானின் வேன் மாலை போட்டு நின்றது. உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் என் பொம்மைகள் முப்பத்தொன்றும் வண்டியாக மாறி வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள், சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத் துண்டு. முதல் ஆளாக நின்றது வெள்ளை ஆம்புலன்ஸ். அதன் டப்பா மூலையில் பழைய பேப்பரோடு மடங்கிக் கிடந்தது.

“யார் தொட்டது இத?” என்று கத்தினேன்.

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “நான்தான்டா. நல்லாருக்குல்ல?”

“டப்பாவ ஏன்க்கா பிரிச்சே?”

“டப்பாவுக்கா பொட்டு வெப்பாங்க? வண்டிக்குத்தானே வெக்கணும்?”

“என் வேனுக்கே சந்தனம் பத்தல லா. எல்லாத்தையும் உன் பொம்மைக்குப் பூசிட்டா” என்று மச்சான் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்புலன்ஸைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். குங்குமம் போனது. மஞ்சள் போகவில்லை. முந்தின நாளே பூசியிருக்கிறாள், வெள்ளை பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க எனக்கு வெறி ஏறியது. திரும்பி வந்து அக்காவை என்னென்னவோ சொன்னேன். படிக்காத ஜென்மம் என்றேன். இரண்டாம் படிவத்தைத் தாண்டாத நான் சொன்னேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பொங்கல் முடிஞ்சு மூவார் பக்கம் உன் லாரி கவுந்துச்சில்ல? ஆறு நாளு ஆஸ்பத்திரில கெடந்தே. எனக்குச் சொன்னியாடா? ரெண்டு மாசம் கழிச்சு, பழைய தோட்டத்து ஆளு ஒருத்தரு பசார்ல சொல்லித் தெரியுது. உன் லாரி எந்த ஊர்ல நிக்குதுன்னு எனக்குத் தெரியுமா, போயி பொட்டு வெக்க? வீட்டுல இருக்கிற வண்டிக்காச்சும் வெச்சேன்.”

தப்பு என் பக்கம் என்று தெரிந்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். ஆம்புலன்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். “சாப்ட்டுட்டுப் போடா” என்றாள். கேட்டை அறைந்து சாத்தினேன்.

சீனர் ஆம்புலன்ஸைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். டப்பா இல்லாமல் முடியாது என்று மலாயில் சொன்னார். நியாயம்தான். ஆனாலும் சும்மா கையில் வாங்கி, ஒவ்வொரு மூட்டாகத் திருப்பி ரோபோவாக்கினார். விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். யார் இதை முதல்முதலாகத் திருப்பியது என்று கேட்டார். டப்பாவுக்குள் ரோபோவாகவே வருகிற பொம்மையின் மூட்டு, பிரிக்கிற வரை கல்லாக இருக்கும். முதல் தடவை பாதிப் பேர் உடைத்துவிடுவார்கள், இதில் ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

எனக்கு அது தெரியும். நானே இரண்டை உடைத்திருக்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை செய்கிறாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பொம்மைகளோடு வந்த தாள்களில் படத்தை மட்டும் பார்த்து, வேலை விட்டு வந்து, முப்பத்தோரு ரோபோக்களையும் ஒன்றுகூட உடையாமல் வண்டியாக்கியிருக்கிறாள். ரோபோவுக்குப் பொட்டு வைத்தால் பத்தாது, வண்டிக்குத்தான் வைக்க வேண்டும் என்று.

அன்றே திரும்பிப் போய்க் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. எனக்கு அந்த வீம்பு உண்டு. மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். சோறு போட்டாள். நான் சொன்ன எதையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

பச்சை ரோபோ இன்னும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆம்புலன்ஸ் இப்போது என் லாரியில் இருக்கிறது. வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும் என்பதால் கண்ணாடிப் பக்கம் வைக்காமல், இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் லாரியை நிறுத்தினாலும் இறங்குவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டு ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவளை, என் லாரி எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாமல் பொம்மைக்குப் பொட்டு வைக்கும் நிலையில் விட்டிருந்தேனே, டப்பா போனதைவிட அதுதான் இன்று வரை என்னைச் சுடுகிறது.