ஊருக்கென்று எடுத்துவைத்த பல்வலி

கிராம்பு வாசனை எனக்கு ஆகாது. யார் வீட்டிலாவது பிரியாணி என்றால் ரெண்டு வாய் கொறித்துவிட்டுக் கையைக் கழுவ எழுந்துவிடுவேன். "வயிறு சரியில்லையா சார்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது. உண்மைக் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்களும் இலையை மூடிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் டில்லி ஆர்.கே.புரத்தில், இரண்டறை குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கல்யாணமாகி நாலு வருஷம். நான் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். இரண்டு பேருக்கும் தென்காசிப் பக்கம். டில்லித் தமிழர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு, எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. எதையும் இங்கே செய்துகொள்ள மாட்டோம். கண்ணாடி மாற்ற வேண்டுமா, ஊரில். ரவிக்கை தைக்க வேண்டுமா, ஊரில். பதினோரு மாதத் தேவைகளையும் மூட்டை கட்டி வைத்திருந்து, மே மாதம் லீவு கிடைத்ததும் ரயில் ஏறுவோம்.

அந்த வருஷம் ரயிலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

"ஏங்க, மார்க்கெட்டு மாடியில ஒரு பல் டாக்டர் இருக்காராமே, போயிட்டு வந்துருவமா?" என்று கேட்டாள்.

"ஏளா, மூணு வாரந்தானே? ஊர்ல நம்ம டாக்டர் இருக்காரு. எங்க அப்பாவுக்குப் பல் எடுத்ததே அவங்க அப்பாதான். இவன்ட்ட போயி எந்தப் பாஷையில வலியச் சொல்லப் போற?"

அவளுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தி வரும். வலியைச் சொல்ல அது போதாது என்று தீர்மானித்தவன் நான். கூடப் போய் நானே சொல்லியிருக்கலாம். எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

ஆக, வீட்டு வைத்தியம். உப்புப் போட்ட வெந்நீரில் காலையும் மாலையும் கொப்பளித்தாள். கிராம்பை நசுக்கிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கிராம்புத் தைலம் ஒரு குப்பி கொடுத்தார். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் இரண்டு மணி நேரம் மரத்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் சமைத்து, துவைத்து, எனக்கு டிபன் டப்பா கட்டிவிடுவாள். வீடு முழுக்க அந்த வாசனை. நான் ஆபீசில் பெருமையடித்துக்கொண்டேன், "என்ன டாக்டர், என்ன மருந்து, ஒரு கிராம்புக்குக் காணுமா?" என்று.

இரண்டாவது வாரம் தாடை வீங்கியது. தோசைக்கல்லில் கல்லுப்பை வறுத்து, என் கைக்குட்டையில் முடிந்து, நானே உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஆசையோடுதான் கொடுத்தேன். "சூடு இதமா இருக்கு" என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஞ்சாபி அம்மாள் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "பாயிசாப், டாக்டர் கோ திகாவோ. ஆஜ் ஹி" என்றார். இன்றைக்கே காட்டு என்கிறார். "அச்சா ஜி, அச்சா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் போனதும் அவள் மெதுவாக, "அவங்களும் சொல்லுதாங்கள்லா?" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஒரு பல்லுக்கு ஊரையே கூட்டுவியா? பொறுத்தது பொறுத்தே, இன்னும் ஆறு நாளு பொறுக்க முடியாதா?" என்று கத்தினேன்.

மறுநாள், "வலி நின்னுபோச்சுங்க" என்றாள்.

நிஜமாகவே நின்றதா, என் கத்தலுக்குப் பயந்து சொன்னாளா? எத்தனையோ வருஷமாக இந்த ஒரு கேள்வியோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம்தான். வீக்கம் அப்படியே இருந்ததை நான் பார்த்தேன். முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு அவள் பெட்டி அடுக்கினாள்.

ரயில் ஏறிய மறுநாள் காலையில் அவளால் காப்பியை விழுங்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. எதிர் சீட்டில் வந்த தமிழ் ராணுவக்காரர் ஒருவர், "அண்ணே, இது பல்வலி இல்ல. மூச்சு வாங்குது பாருங்க. நாக்பூர்ல இறங்கிருங்க" என்று சொல்லிப் பெட்டிகளைத் தானே இறக்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் தாடைக்கடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். மூச்சுக்குக் கழுத்தில் குழாய் வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் இந்தியில் கேட்டார், சூடு ஒத்தடம் கொடுத்தீர்களா என்று. கொடுத்தேன் என்றேன். சூடு பட்டால் சீழ் பரவும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். எப்போது வலி ஆரம்பித்தது, எங்கே, எப்படி என்று அவர் கேட்டதற்கெல்லாம் நான் சரளமாக இந்தியில் பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அதே குவார்ட்டர்ஸில்தான் இருந்தேன். மார்க்கெட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப். மாடியில் அந்தப் பல் டாக்டர் போர்டு, பெரிய வெள்ளைப் பல்லொன்று வரைந்து. வீட்டிலிருந்து எண்ணிப் பத்து நிமிஷ நடை. தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதைப் பார்த்தேன். ஒரு நாள் படியேறியும் பார்த்தேன். உள்ளேயிருந்து கிராம்பு வாசனை வந்தது, இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

கழுத்தில் குழாய் இருந்ததால் கடைசி இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை. ரயில்வே டைம் டேபிளின் பின்னட்டையில் எழுதிக் காட்டினாள். அது என் பெட்டியில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலில் அவளுக்கு இடம் தெரியவில்லை.

"ஊர் வந்துட்டா?" என்று எழுதியிருக்கிறாள்.

அவள் காதருகில் குனிந்து, "வந்துட்டோம்ளா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பென்சிலை மறுபடி வாங்கி, கோணல்மாணலாகக் கீழே எழுதினாள்: "அப்ப நம்ம டாக்டர்ட்ட போவமா?"