மூன்று வீராங்கனைகளும் என் மனைவியும்

எங்கள் ஜெனரல் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டபோது, எதற்கென்று தெரிந்துவிட்டதாகவே நினைத்தேன். அபுதாபியில் பெண்களுக்கான சர்வதேச கோல்ஃப் அணிப் போட்டி நடக்கப் போகிறது. பல நாடுகளிலிருந்து தொழில்முறை வீராங்கனைகள் வருகிறார்கள். ஓர் அணிக்கு மூன்று வீராங்கனைகள், அவர்களோடு சேர்ந்து ஆட வெளியாள் ஒருவர். அந்த வெளியாள் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அப்படி ஓர் இடத்தை எங்கள் கம்பெனி பணம் கட்டி வாங்கியிருக்கிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ஆபீஸில் ஒழுங்காகக் கோல்ஃப் ஆடுகிறவன் நான் ஒருவன்தான். முந்தின வாரமே புது ஷூ வாங்கிவிட்டேன்.

மேனேஜர் லெபனான்காரர். எந்த விஷயத்தையும் காபி வரவழைக்காமல் ஆரம்பிக்க மாட்டார். போட்டியைப் பற்றிப் பேசினார், விருந்தைப் பற்றிப் பேசினார், நான் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் போனைக் கையில் எடுத்து, "உன் மனைவியின் நம்பரைச் சொல்" என்றார்.

சொன்னேன். வேறென்ன செய்வது? காபி அப்படியே இருந்தது.

காரணத்தையும் அவர் பக்குவமாக விளக்கினார். கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி என்பதால், சுமாராக ஆடுகிறவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுக்கிற சலுகை அது. எவ்வளவுக்கெவ்வளவு சுமாரோ, அவ்வளவுக்கவ்வளவு சலுகை கூடும். நானோ இத்தனை வருஷமாக நன்றாக ஆடிய நாட்களை மட்டும் கிளப்பில் பதிந்து, மோசமான நாட்களையெல்லாம் வெயில் மேலும் காற்று மேலும் பழிபோட்டுத் தள்ளிவிட்டு, என் சலுகை எண்ணைக் குறைத்து வைத்திருந்தேன். நாலு பேர் கேட்கும்போது சின்ன எண்ணைச் சொல்வதில் ஒரு கெத்து. என் மனைவி நல்லது கெட்டது எல்லாவற்றையும் பதிந்திருந்தாள். அதனால் அவளுக்குச் சலுகை தாராளம், எனக்குச் சொற்பம். அணிக்கு லாபம் அவள்தான். "அதோடு அவள் மைதானத்தில் கோபப்படுவதில்லை" என்று ஒன்றையும் சேர்த்தார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் அவளை இந்த விளையாட்டுக்குக் கூட்டி வந்தவனே நான். கத்தாரில், ராஸ் லஃபானில் எனக்கு வேலை இருந்த நாட்களில், லீவு நாளில் நாங்கள் போய் ஆடியது புல்லே இல்லாத பாலைவன மைதானத்தில். கையோடு ஒரு துண்டு செயற்கைப் புல் பாய் கொண்டுபோக வேண்டும். பந்து விழுந்த இடத்தில் பாயை விரித்து, பந்தை அதன்மேல் எடுத்து வைத்து அடிக்க வேண்டும். மேலதிகாரிகள் ஆடினார்கள், அதனால் நானும் ஆடினேன். பாயைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமே என்று அவளைக் கூட்டிப்போனேன். ஒரு நாள் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, "நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். அடித்தாள். பந்து போன தூரத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் படும் என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறமும் அவளுக்கு அப்படியே பட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர் கூப்பிட்ட அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே அவளுக்குப் போன் வந்திருந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"நீங்க போக வேண்டியதுங்க. நான் முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். நல்ல புருஷன் மாதிரித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் முடியாது என்று சொல்லியிருந்தால் இடம் எனக்கு வந்திருக்குமா என்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டேன்.

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். ஆடுகிறவருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க ஒரு கேடி வேண்டும். எந்த மட்டையை எடுப்பது, பந்து எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் கேடிதான் ஆட்டக்காரருக்குச் சொல்வான். "நீங்களே வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மைதானம்தானே" என்றாள். அது எங்கள் கிளப் மைதானமேதான். எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பந்தை அவள் அடித்தாலும் மூளை என்னுடையதாக இருக்கும். போட்டி நடக்கிற இரண்டு நாளும் அவள் என்னைக் கேட்டு அடிக்க வேண்டும், அது ஒன்று போதும் எனக்கு.

போட்டிக்கு முந்தின மாலை அணிகளை அறிவித்தார்கள். அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அவளுடைய அணியின் கேப்டன் சுவீடன்காரி, இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும், பனைமரம் போல உயரம். இன்னொருத்தி தாய்லாந்து, மூன்றாமவள் தென்னாப்பிரிக்கா. கேப்டன் என் மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். நான்கு பேரையும் நான்தான் படம் பிடித்தேன். படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதும் திருச்சியிலிருந்து மைத்துனன் குரல் பதிவு அனுப்பினான். "அத்தான், அக்கா சூப்பர். நீங்க ஊர்ல இல்லையா?"

முதல் நாள் பதினெட்டுக் குழிகளில் நான்காவது குழிவரை எல்லாம் சரியாகத்தான் போனது. என்னைக் கேட்டாள், நான் சொன்னேன், அவள் அடித்தாள். என் மனசு கொஞ்சம் இளகிக்கூட இருந்தது. ஐந்தாவதில் இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். அவள் மட்டையைப் பின்னால் தூக்கிய நேரத்தில், "பாத்து, தண்ணி இருக்கு" என்றேன்.

நம் வீடுகளில் படியிறங்குகிறவரிடமும் பைக்கை எடுக்கிறவரிடமும் பாத்து என்றுதான் சொல்வோம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அடிக்கப் போகிறவரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது கோல்ஃப் ஆடுகிற யாருக்கும் தெரியும். சொன்ன உடனே பந்து நேராகப் போய்த் தண்ணீருக்குள் விழுந்தது. அக்கறையில் வாய் தவறி வந்துவிட்டது என்று அன்றைக்கு நான் என்னிடமே அடித்துச் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டன் வந்து அவள் முதுகைத் தட்டிக் காதோடு ஏதோ சொன்னாள், இவள் சிரித்தாள். அடுத்த குழியிலிருந்து கேள்வியெல்லாம் கேப்டனுக்குப் போனது. எந்த மட்டை? கேப்டன். காற்று எப்படி? கேப்டன். என்னிடம் வந்தது தண்ணீர் பாட்டிலும் துண்டும்தான். நல்ல அடி விழுந்தால் நான்கு பேரும் முஷ்டியை முஷ்டியில் தட்டிக்கொள்வார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் முஷ்டியைத் தேடி யாரும் வரவில்லை. ஒருமுறை கேப்டன் என்னைப் பார்த்து, பை ரொம்பக் கனமா என்று பரிவாக விசாரித்தாள். இல்லை என்றேன்.

ஒவ்வொரு குழியிலும் நாலு பேரில் சிறப்பாக ஆடிய இரண்டு பேரின் கணக்குத்தான் அணிக்குச் சேரும். இவளுடையது சேராது, இவள் சும்மா ஒப்புக்கு என்று நினைத்திருந்தேன். சலுகையைக் கழித்துப் பார்த்தால் அடிக்கடி இவளுடையதும் சேர்ந்தது. ஒவ்வொரு தடவை இவள் அடிக்க நிற்கும்போதும் என் மனசுக்குள் ஒரு குரல், தப்பட்டும், தப்பட்டும் என்றது. பெண்டாட்டி தோற்க வேண்டும் என்று நினைக்கிறவன் என்ன மனுஷன் என்று இன்னொரு குரல் கேட்டது. முதல் குரல்தான் சத்தமாக இருந்தது.

இரண்டாம் நாள் மேனேஜர் தன் வீட்டம்மாவோடு பார்க்க வந்தார். என்னைக் காட்டி, "இவர்தான் அவளுடைய கணவர்" என்று அறிமுகம் செய்தார். ஒன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன்.

கடைசிக் குழிக்கு வரும்போது எங்கள் அணி மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் இடம்வரை மேடை உண்டு, கோப்பை உண்டு. அங்கே போய் கேப்டனின் பந்து தண்ணீருக்குள் விழுந்தது. தென்னாப்பிரிக்காக்காரி மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டாள். தாய்லாந்துப் பெண் ஒருத்திதான் ஒழுங்காக முடித்தாள். இன்னொரு கணக்கு என் மனைவியிடமிருந்துதான் வர வேண்டும். அந்தக் குழியில் அவளுக்குச் சலுகையும் இருந்தது. இந்தப் பந்தைத் தட்டி உள்ளே விட்டால் மேடை. விடாவிட்டால் வீடு.

பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"என்னங்க, எந்தப் பக்கம் போகும் இது?"

ஐந்தாவது குழிக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அந்த நிமிஷம் பொறாமை எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்தப் புல்தரையில் எத்தனையோ தடவை ஏமாந்தவன் நான். பார்க்க இடது பக்கம் சரிகிற மாதிரி இருக்கும், ஆனால் பந்து கடல் இருக்கிற வலது பக்கம்தான் ஓடும். அது விழ வேண்டும் என்று மனசார நினைத்தேன். "கண்ணை நம்பாதே. வலது பக்கம் ஓடும். குழிக்கு இடது ஓரத்துல ஒரு கையளவு தள்ளி, மெதுவாத் தட்டு" என்றேன். என் குரலே எனக்கு அத்தனை கனிவாகக் கேட்டது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் திரும்பி, கையை உயர்த்திக் கேப்டனைக் கூப்பிட்டாள்.

சுவீடன்காரி வந்து நெடுஞ்சாண்கிடையாகப் படுக்காத குறையாகக் குனிந்து பார்த்தாள். எழுந்து, நான் எந்த இடத்தைச் சொன்னேனோ அதே இடத்தை விரலால் காட்டினாள். இவள் தலையாட்டினாள். தட்டினாள். பந்து இடது பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டி, வளைந்து, குழிக்குள் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. மூன்று வீராங்கனைகளும் ஓடி வந்து இவளைக் கட்டிப்பிடித்தார்கள், கேப்டன் இவளை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டாள். மேடையில் இவள் மைக்கைப் பிடித்து, கேப்டனின் கண்கள் இல்லாவிட்டால் அந்தப் பந்து விழுந்திருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கேப்டன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மேடைக்குக் கீழே பையோடு நின்றிருந்த நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள்.

கார் பார்க்கிங்கில் பையை டிக்கியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து இறங்கியதிலிருந்து அடக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"நானும் அதையேதானே சொன்னேன்?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு அவளைக் கூப்பிட்டே?"

அவள் கொஞ்ச நேரம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ரெண்டு நாளா நான் எப்போ தப்பா அடிப்பேன்னுதானே பாத்துட்டிருந்தீங்க. எனக்குத் தெரியாதா? உங்க முகத்துலயே தெரியுது. கடைசில போய் திடீர்னு அவ்வளவு அன்பாச் சொன்னீங்க. எனக்கு பயமாயிருச்சு."

"அது ஒண்ணு விழணும்னு நிஜமாவே நினைச்சேன்" என்றேன்.

"இருக்கும்" என்றாள். போனை எடுத்து, கேப்டனுக்கு நன்றி சொல்லி எழுத ஆரம்பித்தாள்.