மூத்த மாப்பிள்ளைக்கு ஏற்ற வண்டி

பொறாமை அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. நாற்பத்தொரு வயதுவரை அது இல்லாமலேயே நன்றாகக் காலம் தள்ளினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி சுமாருக்கு, மாமனார் வீட்டு வாசலில், நின்ற நிலையிலேயே வந்து சேர்ந்தது.

அவருக்குப் பல் லேப்பில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் செதுக்கி, கடைசியில் பல்லின் மேல் மாட்டுகிற கேப்பாக ஆக்கித் தருவார். கடைவாய்ப் பல்லில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் லேப்பில் அவருக்குக் ‘கடைவாய்’ என்றே பெயர். இருபது வருடமாக ஊர்க்காரர்கள் மென்று தின்பதில் கணிசமான பங்கு அவர் கைவேலை. யாரும் நன்றி சொன்னதில்லை. வாய் நிறைய இருக்கும்போது எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான். மனைவியின் தங்கை கணவர், அதாவது சகலை, புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எஞ்சின் சின்னதுதான். ஆனால் பந்தய வண்டிபோல உடம்பெல்லாம் மூடி, தாழ்ந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பிடித்து ஓட்டுகிற ரகம். நிறம் சிவப்பு. மாமனார் நிழலில் இருந்த நான்கு பூந்தொட்டிகளைத் தன் கையாலேயே நகர்த்தி அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

“வெயில்ல நிக்க வேணாம் மாப்பிள்ளை. பெயிண்ட் போயிடும்.”

கடைவாய் பதினான்கு வருடமாக அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. அவர் வண்டி பதினான்கு வருடமாக வெயிலில்தான் நின்றது. அதற்கும் பெயிண்ட் இருந்தது.

“மைலேஜ் எவ்வளவு தருது?” என்று சகலையிடம் கேட்டார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“அதெல்லாம் யாரு பாத்தா, அண்ணா. ஓட்டிப் பாக்கறீங்களா? ஆனா ஒண்ணு, கொஞ்சம் குனியணும். உங்களுக்கு ஒத்து வருமான்னு தெரியல.”

சகலை அவரைவிட மூன்றே வயது இளையவர். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கடைவாய் வீடுவரை பத்திரமாக எடுத்து வந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையில் வண்டி தேவைப்பட்டவர் கடைவாய்தான். சகலையின் அலுவலகம் நடந்து போகிற தூரம். கடைவாய்க்கோ தினமும் நகருக்குள் எட்டுக் கிளினிக் சுற்ற வேண்டும். புதன்கிழமைதோறும் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போய், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து மெழுகைச் செதுக்கித் திருத்த வேண்டும். பழைய வண்டியின் உதறலில் கை மரத்துப்போய், போன மாதம் இரண்டு கேப்புகள் உயரமாகிவிட்டன. ஒரு நோயாளியால் வாயை மூட முடியவில்லை. ஆகவே அந்தக் கிளினிக் டாக்டரம்மா வாயைத் திறந்தார்.

“இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற லேப் பாத்துக்குவேன். எனக்கு உங்க கை வேணும். உங்க சாரி வேணாம்.”

லேப்புக்கு வருகிற வேலையில் பாதி அந்த ஒரு கிளினிக்கிலிருந்து வருவது. கை போனால் பாதி லேப் போகும்.

புது வண்டி பார்க்கப் போன ஷோரூமில் ஒரே மாதிரி எஞ்சின் வைத்த வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று சகலை வைத்திருக்கும் அதே சிவப்பு, இந்த வருட மாடல். மற்றது மூடி எதுவும் இல்லாமல் எலும்பும் நரம்புமாகத் தெரிகிற சாம்பல் நிற வண்டி. அதன் ஹேண்டில்பார் உயரமானது, எடையும் குறைவு. சிக்னல் நெரிசலில் நெளிந்து போகலாம், நெடுஞ்சாலையில் நிமிர்ந்து உட்காரலாம். குறை சொல்ல அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் பூந்தொட்டியை நகர்த்த மாட்டார்கள்.

“தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியையேவா வாங்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

“அதே வண்டி இல்ல. இதுல கலர் ஸ்கிரீன் இருக்கு.”

“நான் எங்க உக்கார்றது?”

“பின்னாடி சீட் இருக்கே.”

“அது சீட்டா? போன் வைக்கிற இடம்னு நெனச்சேன்.”

கடைவாய் நியாயமான மனிதர். கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார். ஒரு பரீட்சை வைத்தார். ஒவ்வொரு வண்டியையும் நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாக ஒரு முழுக் காலை ஓட்டுவது; இறங்கிய கையோடு லேப் மேசையில் உட்கார்ந்து மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் செதுக்குவது; எந்த வண்டியின் பல் நன்றாக வருகிறதோ அதை வாங்குவது. ஷோரூமில் வேறு யாருக்கும் முழுக் காலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் மேனேஜரின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் கடைவாய் செய்தவை. அந்த மனிதரால் இவரைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது, சிரிக்க மட்டுமே முடியும்.

திங்கட்கிழமை சிவப்பு. ஆனந்தமாக இருந்தது. சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்த்தார். கடைவாய் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டார். லேப்புக்கு வந்து கத்தியை எடுத்தபோது உடம்பின் பாரத்தையெல்லாம் தாங்கி வந்த மணிக்கட்டுகள் இரண்டும் தனித்தனியாகப் பேசின. பல்லின் நான்கு மேடுகளில் ஒன்று சரிந்து, நடுப்பள்ளம் கோணிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சாம்பல். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்பில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. இருபது நிமிடத்தில் அப்படியொரு பல் வந்து உட்கார்ந்தது, கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். கடைவாய்க்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கத்தி முனையால் ஒரு மேட்டைச் சீவினார். பள்ளத்தில் ஒரு கீறல் போட்டார். இப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஆட்டம் சமன். சமன் என்றால் மனசுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம்.

நீதிபதியாக அவர் நியமித்தது பாலிஷ் அக்காவை. லேப்பின் சுழல் சக்கரத்தில் பற்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவர்; எந்தப் பல் எந்த வண்டி என்று அவருக்குச் சொல்லவில்லை. அக்கா இரண்டையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நடுங்கின கை. பாவம், வலிச்சிருக்கு” என்றார் முதல் பல்லை வைத்துவிட்டு. “இது நடுங்கவே இல்ல. நல்லா செதுக்கிட்டு, அப்புறம் உக்காந்து கெடுத்திருக்கு.”

“அதெல்லாம் இல்லக்கா.”

“பதினெட்டு வருஷமா உங்க பல்லைத் தேய்க்கிறேன். உங்க தப்பு எது, உங்க திருட்டுத்தனம் எதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க சகலை வண்டி இதுல எது?”

கடைவாய் முதல் பல்லைக் காட்டினார்.

“அதானே பாத்தேன். இந்தப் பல்லை எடுத்துட்டுப் போங்க, அந்த டாக்டரம்மா கையில குடுங்க. கலர் ஸ்கிரீன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, அதையும் சேத்துக் குடுங்க.”

சாம்பல் வண்டியை வாங்கினார். வாங்கினார் என்பதைவிட, பிடித்துக் கொடுக்கப்பட்டார் என்பது பொருத்தம். புதன்கிழமை பக்கத்து ஊரில் மூன்று கேப்புகளும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தன. டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது பெரிய விருது. அதை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில்கூடக் கடைவாய் எதிரே வந்த சிவப்பு வண்டிகளைத்தான் எண்ணினார். மொத்தம் ஏழு.

அடுத்த மாதம் மாமனார் வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியபோது சகலை மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் கடைவாயை வாசலுக்கு அழைத்துப் போனார்.

“அண்ணா, ஒரு உதவி. ரெண்டு மாசம் வண்டிய மாத்திக்கலாமா? எனக்குக் கை போச்சு. நீங்க இதை ஓட்டுங்க. உங்களுக்கும் ஒரு ஆசை இருக்கும்ல.”

சிவப்பு வண்டியின் சாவி கடைவாயின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இந்த உலகத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான். புதன்கிழமை ஞாபகம் வந்தது, போய்விட்டது. சாம்பல் வண்டியின் சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சகலை சாம்பல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. கையை லேசாக ஹேண்டில்பாரில் போட்டு, “சோபா மாதிரி இருக்குண்ணா” என்றார். அவர் மனைவி ஓடி வந்து பின்னால் ஏறி, “இதுலதாங்க மனுஷங்க உக்கார முடியும்” என்று சிரித்தாள். மாமனார் தின்பண்டத் தட்டோடு வெளியே வந்தவர் நின்று பார்த்து, “இந்த வண்டி உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கே மாப்பிள்ளை” என்றார்.

கடைவாயின் வண்டி. அதில் சகலை. அதுவும் எடுப்பாக.

“இறங்குப்பா” என்றார் கடைவாய். “தர முடியாது. எனக்குப் புதன்கிழமை வேலை இருக்கு.”

“இப்பதானே சரின்னீங்க, அண்ணா?”

“இறங்கு.”

திரும்பும் வழியில், பின்சீட்டில் தாராளமாக உட்கார்ந்திருந்த மனைவி அவர் தோளைத் தட்டினாள்.

“நல்ல வேளை, குடுக்காம இருந்தீங்க. அந்த வண்டிய ஓட்டிட்டுப் போயிருந்தா டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க? தொழிலை நெனச்சீங்க பாருங்க, அது பெரிய விஷயம்.”

கடைவாய் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். “பின்ன?” என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார்.